கைத்தொலைபேசியில் ஒரு முற்றம்



நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் இருந்து வறுத்த மிளகாய்த்தூள் செய்து விற்கிறேன். வடகம், மோர் மிளகாய், குரக்கன் மா என்பனவும் காலத்துக்கு ஏற்றபடி செய்வேன். கடை இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. எனக்கு இருப்பது ஒரு பழைய ரச் போனும், அதில் 'எங்கட அடுப்படி' என்ற பெயரில் ஒரு வட்ஸ்அப் குழுவும்தான். அதில் இன்று 112 பேர் இருக்கிறார்கள். அவர்களில் அரைவாசிப் பேரின் முகத்தை நான் நேரில் கண்டதில்லை. ஆனாலும் என் வீட்டில் அடுப்பு எரிவது அவர்களால்தான்.

இந்தக் குழுவை எப்படிக் கட்டினேன், எங்கே தவறினேன், எதைக் கற்றுக்கொண்டேன் என்பதை எழுதுகிறேன். என்னைப்போல் தனித்து நின்று குடும்பத்தைச் சுமக்கும் ஒரு சகோதரிக்காவது இது பயன்பட்டால் அது போதும்.

கடைக்குக் கொடுத்த தூள்

2009 மே மாதத்துக்குப் பிறகு என் கணவரைப் பற்றி எந்தச் செய்தியும் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2010 இல் ஊருக்குத் திரும்பினேன். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. தகரக் கொட்டிலில் இருந்தபடி கூலி வேலைக்குப் போனேன். உதவியாகக் கிடைத்த கோழிகளை வளர்த்தேன். ஒரு மாரியில் நோய் வந்து எல்லாம் செத்துப்போயின.

2014 இல்தான் தூள் இடிக்கத் தொடங்கினேன். அம்மா வறுக்கும் பக்குவம் என் கையில் இருந்தது. செத்தல் மிளகாயையும் மல்லியையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். மிளகு, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் என்பன ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் இறங்க வேண்டும். கறிவேப்பிலை மொறுமொறுப்பாக வர வேண்டும். மில்லில் அரைத்துப் பக்கற்றில் அடைத்து, பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்தேன்.

விற்றபின் தருகிறோம் என்றுதான் கடைக்காரர்கள் எடுப்பார்கள். காசு மாதம் கழித்து வரும். சில நேரம் வராது. மிளகாய் வாங்கக் கிழமைக் கடன் எடுத்தேன். கடன்காரர் கிழமை தவறாமல் வாசலில் நிற்பார். கடைக்காரரோ அடுத்த மாதம் என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் நசுங்கினேன். என் தூளைச் சாப்பிடுகிறவர் யார், அவருக்கு அது பிடித்ததா என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. கடைக்காரர் நாளைக்கு வேறொருவரின் பக்கற்றை வைத்தால் என் தொழில் அன்றோடு முடிந்துவிடும்.

பலகையோடு யார் கதைப்பார்கள்?

2018 இல் என் மூத்த மகள், "அம்மா, சாப்பிடுற ஆக்களையே நேரே பிடிப்பம்" என்று சொல்லி ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கித் தந்தாள். உறவினர், மகளின் ரீச்சர்மார், முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள் என்று 23 பேரைச் சேர்த்தோம். நான் ஒவ்வொரு நாள் காலையிலும் பக்கற்றின் படத்தையும் விலையையும் போட்டேன். மாலையில் அதே படத்தைத் திரும்பவும் போட்டேன்.

முதல் மாதத்தில் மூன்று பேர்தான் வாங்கினார்கள். ஆறு பேர் சொல்லாமல் கொள்ளாமல் குழுவை விட்டுப் போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அன்று தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பிள்ளை, கோவிக்காதை. நீ கடைப் பலகை மாதிரி நிக்கிறாய். ஆரும் பலகையோட கதைப்பினமே?"

"அப்ப என்ன ரீச்சர் செய்யிறது?"

"வீட்டுக்கு வந்த ஆக்களோட என்ன கதைப்பாயோ, அதைக் கதை."

அன்றிரவு படம் எதுவும் போடவில்லை. "ஒரு கிலோ மீனுக்கு உங்கள் வீட்டில் எத்தனை கரண்டி தூள் போடுவீர்கள்? பழப்புளியா, கொறுக்காப்புளியா?" என்று மட்டும் கேட்டேன். ஒருவர் பதில் எழுதினார். அதை இன்னொருவர் மறுத்தார். "மன்னாரில் அப்பிடி இல்லை" என்றார் மூன்றாமவர். பத்து மணி வரைக்கும் தொலைபேசி ஓயவில்லை. எழுத வராத ஒரு அம்மா, பேரனைக் கொண்டு குரல்பதிவு அனுப்பினார். தன் தாயார் முரல் மீன் சொதி வைக்கும் விதத்தை அதில் சொன்னார். கடைசியில், "இப்ப அந்தக் கை இல்லை, ருசி மட்டும் நினைவிருக்கு" என்றார். குழுவே சற்று நேரம் அமைதியானது. மறுநாள் ஐந்து பேர் தூள் கேட்டார்கள்.

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. விலையைச் சொன்னால் மனிதர் பார்த்துவிட்டுப் போவார். அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டால் நின்று பதில் சொல்வார். பதில் சொன்னவருக்கு அந்த இடம் தன்னுடைய இடமாகிவிடும். எங்கள் ஊர் முற்றங்களில் நடந்ததும் இதுதானே? புழுக்கொடியல் கிழித்தபடியும் அரிசி புடைத்தபடியும் இருக்கும்போது வருகிறவர்கள் வாங்குவதற்கென்று வருவதில்லை. கதைக்க வருவார்கள், போகும்போது ஒரு சுளகு அரிசியும் கொண்டு போவார்கள்.

ஒரு கிழமையின் ஒழுங்கு

கதை மட்டும் வயிற்றை நிரப்பாது. வியாபாரத்துக்கும் இடம் வேண்டும். ஆகவே ஓர் ஒழுங்கு வைத்தோம். திங்கட்கிழமை காலையில் மட்டும் அந்தக் கிழமை என்ன செய்கிறேன், என்ன விலை என்பதைப் போடுவேன். செவ்வாய் இரவு வரைக்கும் வேண்டியவர்கள் பெயர் கொடுக்கலாம். கணக்குத் தெரிந்தபின் புதன்கிழமை வறுத்து அரைப்பேன். வெள்ளிக்கிழமை பொதிகள் பஸ்ஸில் போகும். தூர இடத்துக்குத் தபாலில் போகும். சனிக்கிழமை இரவு ஒரு கேள்வி கேட்பேன். மற்ற நாட்களில் எவரும் எதையும் கேட்கலாம், சொல்லலாம். ஆனால் அரசியல் சண்டையும், உறுதி செய்யாத செய்தியும், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தகவலும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

இதனால் முன்னரே கேட்ட அளவுக்குத்தான் அரைக்கிறேன். தூள் தேங்குவதில்லை. மிளகாய்க்குக் கடன் எடுக்கத் தேவையில்லை. வழமையான வாடிக்கையாளர்கள் அரைவாசிக் காசை முற்பணமாகப் போடுகிறார்கள். 2019 நடுப்பகுதியில் அந்தக் கிழமைக் கடனைக் கட்டி முடித்தேன்.

இன்னொன்றும் தானாக நடந்தது. "முருங்கையிலை ஆரிட்ட இருக்கு?" என்று ஒருவர் கேட்பார், முல்லைத்தீவில் இருந்து வேறொருவர் தருவார். கால் ஊனமான ஒரு தங்கச்சி, தான் பின்னும் பனையோலைப் பெட்டிகளின் படத்தைப் போட்டாள். இப்போது என் பரிசுப் பொதிகள் அவளுடைய பெட்டிகளில்தான் போகின்றன. மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு 2020 இல் விலை ஆயிரக்கணக்கில் ஏறியபோது, வீட்டு வளவில் மஞ்சள் நட்டிருந்த மூன்று பேர் எனக்குத் தந்தார்கள். என்னிடம் வாங்குபவர்கள் எனக்கு விற்பவர்களாகவும் ஆனார்கள். குழு என்றால் என்னைச் சுற்றி எல்லோரும் நிற்பது என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். அவர்கள் ஒருவரையொருவர் தேடத் தொடங்கிய பிறகுதான் அது உண்மையில் குழுவானது.

பூஞ்சை பிடித்த தூள்

இனி, சொல்ல மனம் கூசுகிற ஒன்று.

2019 டிசம்பரில் மாரி மழை விடாமல் பெய்தது. நத்தார், பொங்கல் என்று கேள்வி கூடியிருந்தது. மிளகாய் இரண்டு நாள்தான் படங்கில் கிடந்தது, சரியாகக் காயவில்லை. வறுத்தால் சரிவரும் என்று நினைத்தேன். மில்லில் இருந்து சூடாக வந்த தூளை ஆறவிடாமல், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பக்கற்றில் அடைத்தேன். 18 கிலோ. அதில் 31 பக்கற்றுகள் 19 வீடுகளுக்குப் போய்விட்டன.

மூன்று கிழமை கழித்து, வவுனியாவில் இருந்த ஓர் அக்கா குழுவில் எழுதினார்: "தங்கச்சி, தூளில் பூஞ்சை மணம். கட்டி கட்டியாக இருக்கு. காசு குடுத்து வாங்கினது." படமும் போட்டிருந்தார். எல்லோரும் பார்த்தார்கள். எவரும் ஒன்றும் எழுதவில்லை.

எனக்குக் கை நடுங்கியது. "பக்கற்றைத் திறந்து வைத்திருப்பீர்கள்" என்று எழுதத் தோன்றியது. அந்த அக்காவைக் குழுவில் இருந்து நீக்கிவிட்டால் கதை முடியும் என்றும் தோன்றியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டில் மிஞ்சியிருந்த பக்கற் ஒன்றைத் திறந்து பார்த்தேன். மணந்தது. அவர் சொன்னது சரி.

அன்று மாலை ரீச்சரிடம்கூடக் கேட்காமல் எழுதினேன். "அக்கா சொன்னது உண்மை. என்னுடைய பிழை. மிளகாய் காயவில்லை, சூட்டோடு அடைத்ததால் பக்கற்றுக்குள் வியர்த்துவிட்டது. டிசம்பர் 11 ஆம் திகதி போட்ட பக்கற்றுகளை ஒருவரும் சமைக்க வேண்டாம். பூஞ்சையில் உண்டாகும் நஞ்சு சமைக்கும் சூட்டில் போகாது. திரும்ப வெயிலில் போட்டாலும் சரிவராது. குப்பையில் போடுங்கள். தை மாதத்தில் புதிய தூள் தருவேன். காசு வேண்டுமென்றால் காசு தருவேன்." பிறகு அந்த 19 வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுத்தேன்.

நான்கு பேர் காசு கேட்டார்கள், கொடுத்தேன். மகளின் ரியூசன் காசு அதில் போனது. மற்றவர்கள் தூளுக்குக் காத்திருந்தார்கள். "என் வீட்டிலும் மணந்தது, உனக்கு நட்டம் வரும் என்று சொல்லாமல் விட்டேன்" என்று இரண்டு பேர் அப்போதுதான் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் அதிகம் பயந்தேன். என்மேல் வைத்த இரக்கத்தால் பிள்ளைகளுக்குப் பழுதான தூளைப் போட்டுச் சமைத்திருக்கிறார்களே!

சகோதரிகளே, இரக்கத்துக்காக வாங்குபவர் பிழையைச் சொல்லமாட்டார். ஒருநாள் பேசாமல் நின்றுவிடுவார். பிழையை முகத்துக்கு நேரே சொல்பவர்தான் தொழிலைக் காப்பாற்றுபவர். அந்த வவுனியா அக்கா குழுவை விட்டுப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. அவருக்கு நன்றி சொல்ல முடியவில்லை என்ற குறை எனக்கு இன்றும் உண்டு.

அதன் பிறகு, வெயில் இல்லாத கிழமையில் தூள் இல்லை என்று திங்கட்கிழமையே சொல்லிவிடுவேன். அரைத்த தூளைப் பரப்பி முற்றாக ஆறவிட்டே அடைக்கிறேன். பக்கற்றில் செய்த திகதி, முடிவுத் திகதி, நிறை, சேர்த்த பொருட்கள், முகவரி எல்லாம் இருக்கும். ஒவ்வொரு தடவை இடிப்பதிலும் ஒரு பக்கற் என் தட்டில் வைத்திருப்பேன். யாராவது குறை சொன்னால் அதைத் திறந்து பார்க்கலாம். பிரதேச செயலகத்தில் தொழிலைப் பதிந்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினேன். அவர் சொன்ன திருத்தங்களைக் குழுவிலும் போட்டேன். மாதம் ஒருமுறை, "இந்த மாதம் என்ன குறை?" என்றே கேட்கிறேன். "நல்லாயிருந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள்.

தொலைபேசி வாய்மூடிய நாட்கள்

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வட்ஸ்அப், முகநூல் எல்லாவற்றையும் அரசு சில நாட்கள் முடக்கியது. எங்கள் குழுவும் அப்படியே நின்றது. எவருடைய இலக்கமும் என்னிடம் எழுத்தில் இருக்கவில்லை. அன்று தொடக்கம் ஒரு சி.ஆர். கொப்பியில் எல்லோருடைய பெயர், இலக்கம், பஸ் இறக்கும் இடம் என்பவற்றை எழுதி வைத்திருக்கிறேன். போன் உடைந்தாலும், களவு போனாலும் கொப்பி இருக்கும்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது அந்தக் கொப்பிதான் உதவியது. இடம் வாரியாகப் பெயர்களைப் பிரித்தோம். ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் தன் ஒழுங்கைக்கு வேண்டியதைச் சேர்த்துச் சொன்னார். அனுமதிப் பத்திரத்தோடு மரக்கறி கொண்டுபோன வாகனத்தில் பொதிகள் போயின. 2022 நெருக்கடியில் எரிபொருள் இல்லை; பஸ் குறைவு; மிளகாய் விலை கட்டுக்கடங்கவில்லை. என்ன செய்வது என்று குழுவிடமே கேட்டேன். செலவுக் கணக்கை மறைக்காமல் போட்டேன். "விலையைக் கூட்டுங்கோ, ஆனால் 100 கிராம் பக்கற்றும் போடுங்கோ, கையில இருக்கிற காசுக்கு வாங்குவம்" என்றார்கள். அப்படியே செய்தேன். பல சிறுதொழில்கள் நின்றுபோன அந்த வருடத்தில் என் தொழில் மெலிந்தது, ஆனால் நிற்கவில்லை.

வாசலைப் பூட்ட வேண்டிய நேரம்

முற்றம் திறந்திருந்தால் நாயும் நுழையும். வட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் எல்லோருடைய இலக்கமும் தெரியும். ஒருமுறை எங்கள் குழுவில் சேர்ந்த ஓர் ஆண், தனியாக இருக்கும் இரண்டு பெண்களுக்கு இரவில் தகவல் அனுப்பத் தொடங்கினார். அவர்கள் வெட்கத்தில் இரண்டு மாதம் சொல்லவில்லை. தெரிந்த அன்றே அவரை நீக்கினேன். காரணத்தையும் குழுவில் சொன்னேன். இப்போது, குழுவில் உள்ள ஒருவர் பொறுப்புச் சொன்னால்தான் புதியவரைச் சேர்ப்போம்.

இலக்கம் தெரியக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஒலிபரப்புப் பட்டியலில் நீங்கள் அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஆனால் அவர்கள் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் பதிந்திருக்க வேண்டும். 2023 இல் வந்த வட்ஸ்அப் சனலில், பின்தொடர்பவர்களின் இலக்கம் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் அங்கே நீங்கள் சொல்லலாம், அவர்கள் கூடியிருந்து கதைக்க முடியாது.

போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்; வங்கி என்று சொன்னாலும், உறவினர் என்று சொன்னாலும் வேண்டாம். வட்ஸ்அப்பில் இரண்டு படி உறுதிப்படுத்தல் என்ற பூட்டைப் போட்டு வையுங்கள். காசு போட்டதாக வரும் பற்றுச்சீட்டுப் படத்தை நம்பிப் பொருளை அனுப்ப வேண்டாம். என்னை ஒருவர் போலிப் படம் அனுப்பி ஏமாற்றினார். இப்போது கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்தபின்தான் பொதி பஸ் ஏறும். வீட்டையும் பிள்ளைகளையும் படம் எடுத்துப் போடுவதில்லை. தொல்லை எல்லை மீறினால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இன்னொரு வரம்பும் உண்டு. எங்கள் குழுவில் இழப்பு இல்லாத வீடு குறைவு. ஒரு மே மாத இரவில் ஒருவர் தன் மகனின் படத்தைப் போட்டார். பின் ஒவ்வொருவராகப் படங்கள் போட்டார்கள். அதற்குள் என் திங்கட்கிழமை விலைப்பட்டியல் போய் விழுந்தது. எனக்கு நாணிப் போய்விட்டது. அதன் பிறகு மே 18 இல் வியாபாரத் தகவல் எதுவும் போடுவதில்லை. துயரத்தை விற்பனைக்குப் பயன்படுத்துவதுமில்லை. 'போரால் பாதிக்கப்பட்ட பெண்ணின் தூள்' என்று பக்கற்றில் போட ஒருவர் ஆலோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். தூள் நல்லது என்பதற்காக வாங்கட்டும்.

தொடங்க விரும்பும் சகோதரிக்கு

நூறு பேர் வேண்டாம்; பதினைந்து பேர் போதும். உங்கள் கைப்பக்குவத்தை ஏற்கனவே அறிந்தவர்களோடு தொடங்குங்கள். எவரையும் கேட்காமல் சேர்க்க வேண்டாம். ரச் போன் இல்லையென்றால் கொப்பியும் பட்டன் போனும் போதும்; கிழமைக்கு ஒருமுறை கூப்பிட்டுக் கதையுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு போனில் ஒரு குழுவை நடத்தலாம். விற்பனைக்கு ஒரு நாள் என்றால் கேள்விக்கும் கதைக்கும் நான்கு நாள் வையுங்கள். எழுத வராதவர்களைக் குரல்பதிவு போடச் சொல்லுங்கள். அவர்களிடம்தான் பழைய பக்குவங்கள் இருக்கின்றன. சொன்ன நாளில் சொன்ன பொருளைக் கொடுங்கள். முடியாவிட்டால் அவர்கள் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள்.

நேற்றுச் சனிக்கிழமை. "மழைக்காலத்தில் வடகத்தை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தேன். நான் படுக்கப் போகும்வரை 14 பேர் பதில் சொல்லியிருந்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தினார். எனக்குப் புதிய ஒன்றும் தெரியவந்தது: அடுப்புக்கு மேலே பரண் கட்டி, சுளகில் பரப்பி வைப்பதாம். நாளைக்கே செய்து பார்க்கப் போகிறேன். சரிவந்தால் குழுவில் சொல்வேன். சரிவராவிட்டாலும் சொல்வேன்.